தொண்டும் தொழிலும்: இரட்டைமலை சீனிவாசனார் வாழ்வு

செங்கற்பட்டு மாவட்டம் ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில், காஞ்சிக்கு மேற்கே பெரிய ஏரியை அணைத்துக் கிடக்கும் நம் தாமலும், தெற்கே மதுராந்தகத்தை அடுத்த கோழியாளமும் அம்மாவட்டத்தின் இரு சிற்றூர்களாக விளங்கின. அக்கோழியாளத்தில், 1859ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 7ஆம் நாள், தாழ்த்தப்பட்டோர் குடியில் ஓர் ஆண்மகவு பிறந்தது. அம்மகவே பிற்காலத்தில் இலண்டன் மாநகரில் அண்ணல் அம்பேத்கருடன் ஒரே வரிசையில் அமர்ந்து ஒடுக்கப்பட்ட மக்களின் உரிமைக்கு வாதாடிய திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார். தாத்தா என்று அன்புடன் அழைக்கப்பெறும் அப்பெரியாரின் வட்டமேசை மாநாட்டுப் பணிகளை நம் மேடைகளிற் பலரும் பேசியிருக்கின்றனர், மலர்களிலும் எழுதியிருக்கின்றனர். அவற்றையே மீண்டும் விரித்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவருடைய வாழ்வில் பத்து ரூபாயைப் பற்றிய ஒரு பகுதி உண்டு. இவ்வெள்ளிவிழா மலரில் அதனைச் சொல்வது பொருந்தும் என்று கருதுகிறேன்.

அதற்குக் காரணம் உண்டு. நம் சங்கத்தின் மாலை வகுப்புகளிற் பயின்று வெளியேறும் இளைஞர்களும் பெண்களும் என்னிடம் அடிக்கடி ஒரு மனக்குறையை வெளியிடுவதுண்டு. தையல் பயின்ற பெண்ணிடம் துணி கொடுப்பவர், நம் தெருப்பெண் தானே என்று கூலியை மறந்துவிடுகிறார். மனு எழுதித் தரும் இளைஞனிடம், இதுவும் ஒரு தொண்டு அல்லவா என்று கூறித் தேநீர் மட்டும் வாங்கிக் கொடுத்து அனுப்புகிறார்கள். நெஞ்சுக்குப் பிடித்த ஒன்றைச் செய்து அதற்குப் பணம் கேட்பது இழுக்கு என்னும் எண்ணம் கொடுப்போரிடமும் உண்டு. அதைக் காட்டிலும் ஆழமாகக் கேட்போரிடமும் வேரூன்றியுள்ளது. அதன் விளைவு யாது? இரண்டாண்டு செய்துவிட்டு அவர்கள் அப்பணியைக் கைவிடுகின்றனர். அல்லது எவரேனும் ஒரு செல்வரின் தயவை நாடி நிற்கின்றனர். தொண்டுக்கு விலை வைக்கலாமா என்னும் இவ்வினாவுக்கு நூற்றாண்டுக்கு முன்பே தம் செயலால் விடை கூறியவர் சீனிவாசனார்.

அவர் கோயம்புத்தூரில் கல்வி பயின்றார். ஏறத்தாழ நானூறு மாணவர் பயின்ற அப்பள்ளியில் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பார்ப்பனச் சிறுவர்கள். தம் குலம் இன்னதென்று தெரிந்துவிட்டால் என்ன நேருமோ என்னும் அச்சத்தால், அவர் அவர்களுடன் கலந்து விளையாடாமல் பள்ளிக்கு வெளியே அமர்ந்து படித்துக் கொண்டிருப்பார். மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். வகுப்பு முடிந்ததும் எவருக்கும் முன்பாக வீடு நோக்கி விரைவார். விளையாட விரும்பும் வயதில் விளையாட்டை ஒளிந்து நின்று பார்த்த சிறுவனின் உள்ளத்தை இம்மலரைப் படிக்கும் பெரியோர்களுக்கு நான் விளக்க வேண்டுவதில்லை.

படிப்பு முடிந்தபின் நீலகிரி சென்றார். ஆங்கிலேயர் நடத்திய வணிக நிறுவனங்களில் கணக்கராக ஏறத்தாழப் பத்தாண்டுகள் பணிபுரிந்தார். இப்பத்தாண்டுகளை அவர் வரலாற்றை எழுதுவோர் ஒரு வரியிற் கடந்து செல்கின்றனர். எனக்கோ, பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் வித்து அங்கேயே ஊன்றப்பட்டது என்று தோன்றுகிறது. வரவு எது, செலவு எது, முதல் எது, கடன் எது என்று நாள்தோறும் பேரேட்டிற் பதிந்த கை அது. நம்மவர்களிற் பெரும்பாலோர் படியளக்கும் கையை மட்டுமே அறிந்திருந்த காலம். மரக்காலில் அளந்த நெல்லே கூலி. பண்ணையாளின் கடன் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும். கணக்கு ஆண்டையிடம் இருந்தது; கைநாட்டு நம்மிடம் இருந்தது. அத்தகைய சமுதாயத்திலிருந்து கணக்கெழுதும் ஒருவர் தோன்றியது சிறு செய்தியன்று.

1890ஆம் ஆண்டு அவர் சென்னைக்கு வந்தார். உடனே மேடை ஏறிவிடவில்லை. இதழ் தொடங்கிவிடவும் இல்லை. மூன்றாண்டுகள் தம் மக்களின் நிலையை ஆராய்ந்தார். இதே காலத்திற்றான் செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்கீர் நம் மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலை குறித்து ஓர் அறிக்கையை அரசுக்கு அளித்தார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல், விளைநிலம் கேட்டால் விரட்டப்பட்டு வாழ்ந்த மக்களைப் பற்றிய அறிக்கை அது. அதன் பயனாகவே 1892ஆம் ஆண்டு பஞ்சமி நில ஆணை பிறந்தது. அவ்வறிக்கை பேசுவது எங்கோ உள்ள மக்களைப் பற்றி அன்று. தாமலும் கோழியாளமும் அடங்கிய மாவட்டத்தில் வாழ்ந்த நம் பாட்டனார்களின் பாட்டனார்களைப் பற்றியது.

ஆணை பிறந்தால் மட்டும் போதுமா? அஃது எவர் செவிக்கு எட்டும்? நிலம் கேட்டு மனு எழுதலாம் என்பதைக் குடிசையில் இருப்போனுக்கு எவர் சொல்வது? அவனுக்கு இழைக்கப்படும் கொடுமையைக் கோட்டையில் இருப்போருக்கு எவர் எடுத்துரைப்பது? இவ்விரு வேலைகளுக்கும் ஓர் இதழ் வேண்டும் என்று சீனிவாசனார் துணிந்தார். ஒடுக்கப்பட்டோர் இதழ்கள் அதற்கு முன்னரும் இல்லாமல் இல்லை. 1885இல் தோன்றிய திராவிட பாண்டியனும், அடுத்த ஆண்டு தோன்றிய மகாவிகட தூதனும் அறிஞர் அறிந்தவையே. ஆயினும் சீனிவாசனாரின் முயற்சி தனித்தன்மை வாய்ந்தது.

1893ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அவ்விதழ் வெளிவந்தது. அதன் பெயர் பறையன். பக்கம் நான்கு. மாதம் ஒருமுறை. விலை இரண்டணா. அச்சிடுவதற்கும் விளம்பரத்திற்கும் ஆன செலவு பத்து ரூபாய். அரசர் எவரும் புரவலராக முன்வரவில்லை. கிறித்தவச் சபை எதுவும் அதன் பின்னே நிற்கவில்லை.

முதலிற் பெயரை நோக்குக. எந்தச் சொல்லை நம்மீது வசையாக எறிந்தார்களோ அச்சொல்லையே எடுத்து முகப்பில் அச்சிட்டார். பள்ளிச் சிறுவனாக இருந்தபோது மறைத்துத் திரிந்த பெயர் அது. வணிகக் கண்கொண்டு நோக்கின், இதைக்காட்டிலும் துணிவான செயல் வேறில்லை. இதழ் வேண்டுவோர் தெருவில் நின்று அப்பெயரை வாய்விட்டுச் சொல்லித்தான் கேட்க வேண்டும். நம்மவர் கூசுவர், ஏனையோர் நகைப்பர், இதழ் கட்டுக்கட்டாகக் கிடக்கும் என்று நண்பர் எவரேனும் எச்சரித்திருந்தால் அவரைக் குறைகூற இயலாது. ஆனால் நிகழ்ந்தது வேறு. இரண்டே நாட்களில் சென்னையில் நானூறு படிகள் விற்றுத் தீர்ந்தன.

இங்குச் சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். பதினாறு அணா ஒரு ரூபாய். இரண்டணா வீதம் நானூறு படிகளுக்கு எண்ணூறு அணா. அஃதாவது ஐம்பது ரூபாய். விற்றுக் கொடுப்போருக்கு உரிய கழிவை எவ்வளவு தாராளமாகத் தள்ளினாலும், போட்ட பத்து ரூபாய் இரண்டு நாளில் திரும்பியது. அடுத்த இதழுக்கும் அதற்கடுத்த இதழுக்கும் முதல் கையில் நின்றது. கடன் இல்லை, நன்கொடைப் பட்டியல் இல்லை. நீலகிரிப் பேரேட்டில் தேர்ந்த கை வீண்போகவில்லை.

இரண்டணாக் கொடுத்து வாங்கியவர் யாவர்? நெல்லைக் கூலியாகப் பெற்ற பண்ணையாளிடம் அணா ஏது? சென்னை நகரம் அக்காலத்தில் நம்மவர்களுக்குப் புதிய வாயில்களைத் திறந்திருந்தது. வெள்ளையர் இல்லங்களிற் சமையற்காரராகவும் குதிரைக்காரராகவும், படையில் வீரராகவும், இரயில்வேயில் தொழிலாளராகவும் பணிபுரிந்து மாதச் சம்பளத்தைக் காசாகப் பெறும் ஒரு சிறு கூட்டம் உருவாகியிருந்தது. காசு கைக்கு வந்த முதல் தலைமுறை அது. அக்காசைக் கொண்டு தன் மானத்திற்கு உரிய ஒன்றை வாங்க வேண்டும் என்னும் வேட்கை அத்தலைமுறைக்கு இருந்தது; வாங்குவதற்கு உரிய பொருள்தான் கடைத்தெருவில் இல்லாதிருந்தது. சீனிவாசனார் அப்பொருளைச் செய்து கொடுத்தார் என்பதே என் கருத்து. எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்பது அந்நாளைய வழக்கமாதலின், விற்ற படிகளைக் காட்டிலும் கேட்ட செவிகள் மிகுதியாகவே இருந்திருக்கும்.

மூன்று திங்களில் மாத இதழ் வார இதழாயிற்று. இரண்டாண்டுகள் கழிந்தபின் அவருக்கென ஓர் அச்சியந்திரசாலையே அமைந்தது. இச்செய்தியைச் சற்று நின்று நோக்க வேண்டும். காஞ்சிப் பட்டைப் பற்றி நமக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டுவதில்லை. கூலிக்கு நெய்பவன் முதலாளியிடமிருந்து பாவும் ஊடையும் சரிகையும் பெற்று வருகிறான். இரவு பகலாகக் குழியில் அமர்ந்து நெய்கிறான். சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கூலி வாங்குகிறான். எந்த நிறம், எந்தக் கரை, எத்தனை நாளில் என்பவை அவன் கையில் இல்லை. முன்பணம் வாங்கியிருந்தால் அடுத்த சேலையும் அவனுடையதன்று. தறியும் பாவும் சொந்தமானால் அவன் வேறு மனிதன். தறியில் பாவிழைகள் கோத்து வரும் பற்பலகையை நாம் அச்சு என்று வழங்குகிறோம். எழுத்தைப் பதிப்பதும் அச்சே. பிறர் அச்சில் இதழ் நடத்துவோன் பிறர் தறியில் நெய்வோனைப் போன்றவன். எழுதியதை அச்சிட மாட்டேன் என்று அச்சகத்தார் மறுத்தால் அவன் குரல் அன்றே அடங்கும்; பாக்கி நின்றால் அடுத்த வாரம் அடங்கும். சொந்த அச்சகம் அமைந்தபின் சீனிவாசனாரின் எழுதுகோலுக்கு எவருடைய இசைவும் வேண்டியதில்லை.

அவ்விடுதலைக்குத் தேவையும் இருந்தது. ஆட்சிப்பணித் தேர்வை இங்கிலாந்தில் நடத்துவதைப் போலவே இந்தியாவிலும் ஒரே காலத்தில் நடத்த வேண்டும் என்று காங்கிரசுப் பேரவையினர் அக்காலத்திற் கோரினர். இங்கே தேர்வு நடந்தால் உயர்சாதியினரே பதவிகளையெல்லாம் நிரப்புவர், நம்மவர்க்கு இழைக்கும் கொடுமை அரசின் பெயரால் இன்னும் மிகும் என்று சீனிவாசனார் அஞ்சினார். 1893ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் சென்னை வெசுலி மண்டபத்தில் கூட்டம் கூட்டினார். 3412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள மனு ஒன்று அணியமாயிற்று; தளபதி செசினி என்பாரின் வழியாக இலண்டன் நாடாளுமன்றத்திற்கு அனுப்பப்பட்டது. இதழ் தொடங்கி மூன்று திங்கள்கூட நிறையாத வேளை அது. அவர் கொண்ட நிலைப்பாட்டைப் பற்றி இன்று மாறுபட்ட கருத்துகள் உண்டு. ஆனால் பெரியதோர் இயக்கத்தை எதிர்த்து எழுத, அவ்வியக்கத்தாரிடமோ அரசாங்கத்திடமோ காசு பெறாத இதழ் ஒன்று வேண்டியிருந்தது என்பதில் ஐயமில்லை.

இதழில் வெளிவந்த கடிதம் ஒன்றைக் காரணமாகக் கொண்டு அவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. நூறு ரூபாய் அபராதம் விதித்தது நீதிமன்றம். நூறு ரூபாய் என்றால், தொடக்கச் செலவைப் போலப் பத்து மடங்கு. அன்று நம் மக்கள் பண முடிப்புகளோடு நீதிமன்றத்திற்கு வந்து நின்றார்கள். இதை நான் எண்ணும்போதெல்லாம் ஒன்றைக் காண்கிறேன். விலை கொடுத்து வாங்கியவர்களே அங்கு வந்து நின்றவர்கள். இலவசமாகப் பெற்றிருந்தால் அவ்விதழ் சீனிவாசனாருடையதாக இருந்திருக்கும். இரண்டணாக் கொடுத்து வாங்கியதால் அது அவர்களுடையதாயிற்று. விலை வைத்தால் மக்கள் விலகுவர் என்னும் நம் அச்சம் எப்பொழுதும் மெய்யாவதில்லை.

இவ்விடத்தில் அயோத்திதாசப் பண்டிதரை நினையாமல் இருக்க இயலாது. சீனிவாசனாரின் உடன்பிறந்தாரை மணந்தவர் அவர். நீலகிரியில் வாழ்ந்து பின்னர்ச் சென்னை இராயப்பேட்டையில் தங்கிய பண்டிதர் சித்த மருத்துவத்தால் வாழ்க்கை நடத்தினார். 1907ஆம் ஆண்டு சூன் 19ஆம் நாள் தொடங்கிய தம் வார இதழுக்கு ஒரு பைசாவே விலை வைத்தார். பெயரே ஒரு பைசாத் தமிழன். ஒரு பைசா என்பது காலணா. சீனிவாசனாரின் விலையில் எட்டில் ஒரு பங்கு. பண்டிதருக்குச் சோறிட்டது மருத்துவம். இதழைத் தாங்கியதில் கோலார் தங்கவயலிலும் பிற இடங்களிலும் இருந்த பௌத்த அன்பர்களின் கைப்பொருளுக்குப் பெரும்பங்கு உண்டு. இவ்விரண்டில் எவ்வழி சிறந்தது? எளிதில் தீர்ப்பளிக்க நான் விரும்பவில்லை. பண்டிதர் 1914இல் மறைந்த பின்னரும் தமிழன் சில காலம் நடந்தது. ஓய்ந்த பிறகு தங்கவயலிலிருந்து மீண்டும் எழுந்தது. பலர் தோள்கொடுத்த இதழாதலின் ஒருவரோடு முடியவில்லை. சீனிவாசனாரின் இதழோ அவர் ஒருவரின் முயற்சியாலும் கணக்காலும் நின்றது. 1900ஆம் ஆண்டு அவர் கப்பலேறினார். ஏழாண்டுகள் நடந்த இதழும் நின்றுவிட்டது. அவருக்குப் பின் அதை ஏற்று நடத்த எவரும் பயிற்றப்படவில்லை. அவரிடம் நாம் காணும் குறை இஃதொன்றே. நம் சங்கத்தார் கவனிக்கத்தக்க குறையும் இதுவே.

இலண்டன் சென்று நம் மக்களின் குறைகளை நேரில் முறையிட வேண்டும் என்பதே அவர் புறப்பட்டதன் நோக்கம். ஆனால் பயணம் ஆப்பிரிக்காவில் தடைப்பட்டது. கிழக்காப்பிரிக்கக் கரையில் சிலகாலம் பணிபுரிந்து, பின்னர்த் தென்னாப்பிரிக்காவில் நேட்டால் நாட்டை அடைந்தார். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர் அங்கே ஏராளம். வழக்கு மன்றத்தில் நீதிபதியின் மொழி அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் மொழி நீதிபதிக்குத் தெரியாது. சீனிவாசனார் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக அமர்ந்தார். நாதியற்றோர் சொல்லை அதிகாரத்தின் செவிக்குக் கொண்டு செல்வது என்பது சென்னையில் அவர் இதழால் செய்த வேலையே. இங்கு அதற்கு அரசு சம்பளம் கொடுத்தது, அவ்வளவுதான் வேறுபாடு. அந்நாளில் அங்கு வழக்கறிஞராக விளங்கிய காந்தியடிகளோடு பழக்கம் உண்டாயிற்று. மோ. க. காந்தி என்று தமிழிற் கையொப்பமிட அடிகளுக்குக் கற்றுக் கொடுத்தவர் சீனிவாசனாரே என்பர். இருபது ஆண்டுக் காலம் அயல்நாட்டில் கழிந்தது.

தாயகம் திரும்பியபின் அவர் ஆற்றிய பணிகள் நாடறிந்தவை. 1923இல் சென்னைச் சட்டசபையில் நியமன உறுப்பினரானார். 1924இல் அவர் கொண்டுவந்த தீர்மானத்தின் வழியாக, பொதுச்சாலைகளிலும் தெருக்களிலும் நடக்கவும், பொதுக்கிணறு, குளங்களில் நீரெடுக்கவும், பொது அலுவலகங்களில் நுழையவும் எவரையும் சாதியின் பெயரால் தடுக்கக்கூடாது என்பது அரசாணையாயிற்று. இன்று நம் பிள்ளைகள் அஞ்சாமல் நடக்கும் தெருக்களுக்குப் பின்னே அத்தீர்மானம் நிற்கிறது. 1930இலும் 1931இலும் இலண்டன் வட்டமேசை மாநாடுகளில் அண்ணல் அம்பேத்கருடன் கலந்துகொண்டார். முப்பதாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் தடைப்பட்ட பயணம் அன்று நிறைவேறியது. 1932இல் பூனா உடன்படிக்கையிற் கையொப்பமிட்டவர்களுள் அவரும் ஒருவர். அரசு அவருக்கு இராவ் சாகிப், இராவ் பகதூர், திவான் பகதூர் என்னும் பட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக அளித்தது.

1939ஆம் ஆண்டு, எண்பது வயதை எட்டிய நிலையில், அவர் தம் வாழ்க்கையைச் சிறு நூலாக எழுதி வெளியிட்டார். ஜீவிய சரித்திர சுருக்கம் என்பது அதன் பெயர். பெயருக்கேற்ற சுருக்கமான நூல். ஆறு ஆண்டுகள் கழித்து, 1945ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 18ஆம் நாள் சென்னையில் இயற்கை எய்தினார். 2000ஆம் ஆண்டில் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது.

அந்நூலைப் படிப்போர் ஒன்றைக் காண்பர். மன்னரையும் மாநாட்டையும் கண்டு, பட்டங்களும் பெற்று, முதுமையில் அமர்ந்து எழுதும் மனிதர், நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய நான்கு பக்க இதழைப் பற்றிச் சொல்ல வரும்போது, இதழின் விலையையும் போட்ட முதலையும் விற்ற படிகளின் எண்ணிக்கையையும் விட்டுவிடாமற் குறித்து வைத்திருக்கிறார். வேறு எத்தனையோ செய்திகளைச் சுருக்கியவர், அப்பத்து ரூபாயைச் சுருக்கவில்லை.